தாடை வீக்கம் விடியும்போது வடிந்தால் உடனே காசை எண்ணாதீர்கள்

கொடைக்கானல் மேல்மலையில் கன்று வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று ஊர் ஊராக ஒருவர் பைக்கில் மாட்டு மருந்து கொண்டுவருகிறார். பேர் போடப் போவதில்லை. அவர் எப்படி ஏமாற்றினார் என்பது தெரிந்தால் போதும்.

என்னிடம் ஜெர்சி கலப்பில் இரண்டு கிடேரிகள் இருந்தன. ஐப்பசி மழை முழுக்க ஓடையோரச் சதுப்பில்தான் மேய்ச்சல். கார்த்திகை பிறந்ததும் சின்னதுக்கு முடி சிலிர்த்துப் போனது, வயிறு மட்டும் பானை மாதிரி, பின்னங்கால் எல்லாம் கழிச்சல். ஒருநாள் சாயங்காலம் ஓட்டிவரும்போது பார்த்தால் தாடைக்கு அடியில் தண்ணீர்ப் பை போல ஒன்று தொங்குகிறது. விரலால் அழுத்தினேன். பிசைந்த மாவில் அழுத்தியது போலக் குழி அப்படியே நின்றது.

அந்த ஆள் அப்போது டீக்கடையில்தான் இருந்தார். வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "பூச்சிதாண்ணே. நான் ஊத்துறேன். விடியறதுக்குள்ள வீக்கம் வடிஞ்சிரும், வடியலைன்னா காசே வேணாம்" என்றார். லேபிள் பாதி கிழிந்த பாட்டில். அதன் மூடியாலேயே அளந்து, இரண்டு கன்றுக்கும் ஆளுக்கு இரண்டு மூடி. கழுத்தில் ஒரு ஊசி, கூடவே ஈரல் டானிக். "சினை மாட்டுக்கும் சேத்து ஊத்திரவா?" என்றும் கேட்டார். என் மனைவிதான் வேண்டாம் என்று தடுத்தாள். இளஞ்சினையில் அந்த மருந்து ஆகாது என்று பிறகுதான் தெரிந்தது.

விடிந்ததும் தொழுவத்துக்குப் போனேன். தாடை நிஜமாகவே வற்றியிருந்தது. கைராசிக்காரர் என்று நினைத்து 1,800 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். "மிச்சத்தைப் பதினஞ்சு நாள் கழிச்சு நீங்களே ஊத்திக்கங்க" என்று பாட்டிலையும் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே பை மறுபடி தொங்கியது. போன் போட்டால், "பூச்சி சாகும்போது அப்பிடித்தாண்ணே இருக்கும், டானிக்க விட்றாதீங்க." ஒன்பதாம் நாள் சின்னது எழுந்திருக்கவில்லை. பெரியதுக்கும் தாடை வீங்க ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் 1962க்கு, கால்நடை ஆம்புலன்ஸ் நம்பருக்கு, போன் அடித்தேன். முதல் நாளே அடித்திருக்க வேண்டும்.

வந்த டாக்டர் பெரியதின் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. செத்த கன்றைப் பூண்டு வயல் ஓரத்தில் வைத்து அறுத்து, நாலாவது வயிற்றை விரித்தார். சுவர் முழுக்கச் சிவப்பு நூல் துண்டுகள் நெளிந்தன. கிட்டப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய கயிறு போல ஒவ்வொன்றும். "ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் இழுக்கும். ஆயிரம் இருந்தா தினம் 50 மில்லி போகுது" என்றார்.

வீக்கத்தின் கதையும் அவர் சொல்லித்தான் புரிந்தது. ரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் கசிந்து தோலுக்கடியில் சேரும். பகலெல்லாம் தலை குனிந்து மேய்வதால் தாடைக்கு இறங்கும். ராத்திரி தலையைத் தூக்கிப் படுத்து அசைபோட்டால் தானாகவே வடியும். பச்சைத் தண்ணீரை ஊற்றியிருந்தாலும் எனக்கு விடியும்போது வீக்கம் குறைந்துதான் இருந்திருக்கும்!

அடுத்தது அளவு. லேபிளின் கிழியாத பாதியில் அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து 2.5 சதவீதம் என்று இருந்தது. காலாவதித் தேதி இருக்க வேண்டிய பாதிதான் கிழிந்திருந்தது. டாக்டர் தையல் டேப்பால் பெரியதை அளந்தார். நெஞ்சுச் சுற்று 46 அங்குலம், தோள் முனையிலிருந்து பிட்டம் வரை நீளம் 42. சுற்றைச் சுற்றாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ வரும். ஏறக்குறைய 135 கிலோ. கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்றால் மில்லிக்கு 25 மில்லிகிராம் உள்ள இந்த மருந்தில் சுமார் 40 மில்லி போக வேண்டும். மூடிக்கு 5 மில்லி, இரண்டு மூடிக்குப் பத்து. கால் பங்கு! அரைகுறை அளவில் நோஞ்சான் புழு மட்டும் சாகும். மருந்தைத் தாங்கியது தங்கி முட்டை போடும், அடுத்த தடவை அதே மருந்து சரியாகக் கேட்காது.

யார் மருந்து ஊற்ற வந்தாலும் முதலில் புதுச் சாணியைக் கொஞ்சம் டப்பாவில் எடுத்துப்போய் மாட்டு ஆஸ்பத்திரியில் புழு முட்டை பார்க்கச் சொல்லுங்கள். நம் சதுப்பில் ஈரல் தட்டைப்புழுவும் வரும், அதற்கும் இதே தாடை வீக்கம்தான், ஆனால் மருந்தோ அளவோ மாறும். ஊற்றிப் பத்துப் பதினாலு நாளில் மறுபடி சாணியைக் காட்டுங்கள். மருந்து வேலை செய்ததா என்பது அதில்தான் தெரியும், தாடையில் இல்லை. புழுக்குஞ்சு ஈரப் புல்லில்தான் ஏறி நிற்கும் என்பதால் இப்போது பனி காய்ந்த பிறகுதான் அவிழ்க்கிறேன். சதுப்புப் பக்கம் விடுவதே இல்லை.

பெரிய கிடேரி பிழைத்துக்கொண்டது. போன வாரம் கூக்கால் ரோட்டில் அதே பைக் நின்றதாகத் தம்பி சொன்னான். மணி சாயங்காலம் ஐந்து இருக்குமாம், மாடுகள் மேய்ந்து திரும்பும் நேரம்.