தாய்லாந்து ஓய்வுக்கால விசா: ஓ-ஏ, நான்-ஓ, எல்.டி.ஆர். மூன்றில் காப்பீட்டுக் கணக்கு எதில் தேறும்?

தாய்லாந்தில் போய் ஓய்வுக்காலத்தைக் கழிக்கலாம் என்று யோசிக்கிற ஐம்பது வயது தாண்டியவர்கள் முதலில் விசாரிப்பது வங்கியில் போட வேண்டிய 8 லட்சம் பாத்தைப் பற்றித்தான். பணம் இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை, போட்டு வைத்தால் அங்கேயே இருக்கும், வட்டியும் கொஞ்சம் வரும். ஆளை மடக்குவது இன்னொன்று: மருத்துவக் காப்பீடு. அதுவும் முதல் விசா எடுக்கும்போது அவ்வளவாகத் தெரியாது, ஒரு வருடம் கழித்து நீட்டிப்புக்குப் போய் நிற்கும்போதுதான் உறைக்கும். எந்த எழுத்து விசாவில் நாட்டுக்குள் வந்தீர்கள் என்பதைப் பொறுத்து, ஒரே வயது, ஒரே வருமானம், ஒரே உடம்பு உள்ள இரண்டு பேரில் ஒருவரிடம் காப்பீட்டுச் சான்று கேட்பார்கள், இன்னொருவரிடம் கேட்கவே மாட்டார்கள்.

அதனால் தங்கும் நாள், கட்டணம் என்று மேலோட்டமாக ஒப்பிடாமல் காப்பீடு என்ற ஒரே கோணத்தில் ஓ-ஏ (O-A, வெளியே இருந்தே வாங்கி வரும் ஓய்வுக்கால விசா), நான்-ஓ (Non-O, உள்ளே வந்தும் மாற்றிக்கொள்ளக்கூடியது), எல்.டி.ஆர். (LTR, பத்து வருட நீண்டகாலத் தங்கல் விசா) என்ற இந்த மூன்றையும் பார்க்கலாம். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு நான்-ஓ. ஆனால் அதைக் காப்பீடே வேண்டாம் என்பதற்கான வழியாக நினைத்து எடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஓ-ஏ: வரும்போது சுலபம், நீட்டிக்கும்போது வலி

ஓ-ஏ விசாவைத் தாய்லாந்துக்கு வெளியே இருந்துதான் வாங்க முடியும். காவல்துறை நற்சான்று, மருத்துவச் சான்று எல்லாம் கேட்பார்கள். இதில் உள்ள கவர்ச்சி என்னவென்றால் 8 லட்சம் பாத்துக்கு இணையான தொகையை உங்கள் ஊர் வங்கிக் கணக்கிலேயே காட்டலாம், முன்கூட்டியே தாய்லாந்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. பல முறை போய்வரும் வசதி உண்டு, நுழையும் ஒவ்வொரு முறையும் ஒரு வருடத் தங்கல் கிடைக்கும். விசா முடிவதற்குச் சற்று முன் ஒரு தடவை வெளியே போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஓட்டலாம் என்பது பழைய ஆட்களுக்கெல்லாம் தெரிந்த வித்தை.

2019 அக்டோபர் 31 முதல் இதில் காப்பீடு கட்டாயமானது. அப்போது கேட்ட அளவு வெளிநோயாளிச் சிகிச்சைக்கு 40,000 பாத், உள்நோயாளிச் சிகிச்சைக்கு 4 லட்சம் பாத். வெளிநோயாளி என்ற அந்தச் சின்னத் தொகைதான் பிரீமியத்தை அநியாயத்துக்கு ஏற்றிவிட்டது, காய்ச்சல் சளிக்கெல்லாம் பாலிசி எடுத்து என்ன ஆகப் போகிறது என்று பலர் புலம்பினார்கள், நியாயமான புலம்பல்தான். பிறகு கொரோனா காலத்தில், 2021-இல், மொத்தக் காப்பீடு 30 லட்சம் பாத் அல்லது 1 லட்சம் அமெரிக்க டாலர் என்று உயர்த்தினார்கள். 2024 மே மாத இறுதியில் அதைப் பழைய 40,000 / 4 லட்சம் அளவுக்கே இறக்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அமைச்சரவை ஒப்புதல் தருவதும், நீங்கள் போய் நிற்கும் கவுன்டரில் இருப்பவர் கையில் அந்தச் சுற்றறிக்கை வந்து சேர்வதும் ஒன்றல்ல. ஆகவே பாலிசிக்குப் பணம் கட்டும் முன், நீங்கள் நீட்டிக்கப் போகும் அதே குடிவரவு அலுவலகத்தில் எந்த அளவு கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் கட்டுங்கள். ஏஜென்ட் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், பெரிய பாலிசி விற்றால் அவருக்குப் பெரிய கமிஷன்.

இரண்டு வருட வித்தையிலும் காப்பீடு கை வைத்துவிட்டது. பாலிசி எந்தத் தேதி வரை இருக்கிறதோ அந்தத் தேதி வரைக்கும்தான் விமான நிலையத்தில் தங்கல் முத்திரை குத்துவார்கள். பாலிசியில் ஏழு மாதம் மீதி இருந்தால் தங்கலும் ஏழு மாதம்தான். திரும்பி வருவதற்குள் புதுப்பிக்க மறந்தவர்களுக்கு அந்த முத்திரையைப் பார்க்கும்போதுதான் விஷயமே தெரியவரும்.

வெளிநாட்டு பாலிசி வைத்திருந்தால் அதற்கென்று உள்ள சான்றுப் படிவத்தில் காப்பீட்டு நிறுவனம் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இதில்தான் பலருக்கு இடறுகிறது. கவரேஜ் பத்து மடங்கு அதிகமாக இருந்தாலும், இன்னொரு நாட்டு அரசின் படிவத்தில் எங்கள் பெயரைப் போட மாட்டோம் என்று நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்ளும். நீட்டிப்பைப் பொறுத்தவரை தாய்லாந்து நிறுவனத்தின் பாலிசி வைத்திருந்தால் தொல்லை குறைவு, அவர்களுக்கு அது பழகிய காகிதம். இன்னொன்று, இந்தியாவில் நாம் வைத்திருக்கும் சாதாரணக் குடும்ப மருத்துவ பாலிசி பெரும்பாலும் இந்தியாவுக்குள் எடுக்கும் சிகிச்சைக்கு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு தாய்லாந்தில் எந்தக் கவுன்டரிலும் பேச முடியாது.

சரி, வயதாகிவிட்டது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கிறது, எந்த நிறுவனமும் பாலிசி தரவில்லை என்றால்? நிறுவனம் மறுத்த கடிதத்தோடு, காப்பீட்டுக்கு ஈடான தொகையைக் கணக்கில் வைத்துக் காட்டும் வழி ஒன்று விதியில் இருக்கிறது. 30 லட்சம் பாத் அளவுக்கு என்றால் எத்தனை பேரால் முடியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓ-ஏ விஷயத்தில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்றுண்டு. முதல் வருடம் முடிந்து தாய்லாந்துக்குள்ளேயே நீட்டித்துக்கொண்டே போனாலும், நீங்கள் முதலில் ஓ-ஏவில் வந்தவர் என்ற குறி போகாது. ஐந்தாவது நீட்டிப்பிலும் காப்பீடு கேட்பார்கள். இத்தனைக்கும் உள்ளே வந்து நீட்டிக்கும்போது வைப்பைக் காட்டுவதென்றால் 8 லட்சம் பாத் தாய்லாந்து வங்கியில் இருந்தாக வேண்டும், அதாவது ஓ-ஏவின் முக்கியமான சலுகை முதல் சுற்றோடு முடிந்துபோகிறது, சுமை மட்டும் கூடவே வருகிறது.

நான்-ஓ: ஒரே கவுன்டர், காப்பீட்டுக் கேள்வி இல்லை

நான்-ஓவை வெளியே இருந்தும் வாங்கலாம், சுற்றுலாவாக வந்து உள்ளேயே மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். உள்ளே மாற்றுவதென்றால் கையில் குறைந்தது 15 நாள் தங்கல் மீதி இருக்க வேண்டும், கட்டணம் 2,000 பாத், முதலில் 90 நாள் தருவார்கள். அந்த 90 நாள் முடியும் தறுவாயில் ஓய்வு பெற்றவர் என்ற அடிப்படையில் ஒரு வருட நீட்டிப்பு, அதற்கு 1,900 பாத். இந்த நீட்டிப்புக்கு மருத்துவக் காப்பீடு நிபந்தனையே இல்லை.

பதிலுக்கு வங்கிக் கணக்கில் கறாராக இருப்பார்கள். 8 லட்சம் பாத், விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கணக்கில் கிடக்க வேண்டும், நீட்டிப்பு கிடைத்த பிறகும் மூன்று மாதம் தொடக்கூடாது, அதற்கப்புறம் 4 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. 2019 மார்ச்சிலிருந்து இதுதான் நடைமுறை. இல்லையென்றால் மாதம் 65,000 பாத் வருமானம், அல்லது வருமானமும் வைப்பும் சேர்த்து வருடத்துக்கு 8 லட்சம். பாஸ்புக்கை அன்று காலையில் அப்டேட் செய்துகொண்டு போவது முதல் வங்கிக் கடிதத்தின் தேதி வரை எல்லாவற்றிலும் சட்டமாக நிற்பார்கள். இந்தப் பணத்தைத் தற்காலிகமாகக் கணக்கில் காட்டித் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள், மாட்டினால் போவது உங்கள் பெயர்தான்.

தம்பதியாகப் போகிறவர்களுக்கு இதில் ஒரு நல்லது உண்டு. ஒருவர் ஓய்வு பெற்றவர் என்ற முறையில் நீட்டிக்க, மற்றவர் அவரைச் சார்ந்தவராக நீட்டிக்கலாம், அவருக்குத் தனியாக இன்னொரு 8 லட்சம் தேவையில்லை. திருமணச் சான்றை உரிய சான்றொப்பம், தாய் மொழிபெயர்ப்பு எல்லாம் செய்து வைத்திருக்க வேண்டும், அதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடித்துவிடுவது நல்லது. பேச அசௌகரியமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: முதன்மையாக இருப்பவர் இறந்துவிட்டால் சார்ந்தவரின் தங்கலும் ஆட்டம் காணும். இருவருக்கும் தனித்தனியாக வைப்புப் போட வசதி இருந்தால் தனித்தனியாகவே நீட்டிப்பது பாதுகாப்பு.

இப்போது ஓ-ஏவில் மாட்டிக்கொண்டிருப்பவர் நான்-ஓவுக்கு மாற முடியுமா? முடியும். மறுநுழைவு அனுமதி எடுக்காமல் நாட்டைவிட்டு வெளியே போனால் பழைய தங்கல் அத்தோடு ரத்தாகும். திரும்பிச் சுற்றுலாவாக வந்து, உள்ளே நான்-ஓவுக்கு மாற்றி, புதிதாக ஆரம்பிக்க வேண்டும். ஆனால் ஓ-ஏ விசாவே இன்னும் காலாவதி ஆகாமல் இருந்தால் அதிலேயே திரும்ப நுழைத்துவிடுவார்கள் என்பதால், அது முடிந்த பிறகு செய்வதுதான் சரி. ஒரு விமான டிக்கெட்டும் ஒன்றிரண்டு மாத அலைச்சலும்தான் செலவு, எழுபதைத் தாண்டியவர் ஒருவர் வருடாவருடம் கட்டும் பிரீமியத்தோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை.

எல்.டி.ஆர்.: பெரிய ஓய்வூதியக்காரர்களுக்கு

2022 செப்டம்பர் 1 அன்று தொடங்கியது, பத்து வருடம் (ஐந்தும் ஐந்துமாக), கட்டணம் 50,000 பாத், 90 நாளுக்கு ஒரு தடவை முகவரி தெரிவிக்கும் வேலை வருடத்துக்கு ஒரு முறையாகக் குறைகிறது. ஓய்வு பெற்றவர் பிரிவுக்கு வருடம் 80,000 அமெரிக்க டாலர் உழைக்காமல் வரும் வருமானம் வேண்டும், 40,000 முதல் 80,000 வரைதான் என்றால் கூடவே தாய்லாந்தில் 2,50,000 டாலர் முதலீடு. இங்கேயே முக்கால்வாசிப் பேர் விலகிவிடுவார்கள்.

உள்ளே போகிற தகுதி இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், காப்பீட்டு விதி மூன்றிலும் இதில்தான் புத்திசாலித்தனமாக இருக்கிறது. 50,000 டாலர் கவரேஜ் உள்ள பாலிசி, அல்லது தாய்லாந்தில் சிகிச்சைக்குச் செல்லுபடியாகும் சமூகப் பாதுகாப்பு, அல்லது 1 லட்சம் டாலர் பன்னிரண்டு மாதமாகக் கணக்கில் இருப்பது, இதில் ஏதாவது ஒன்று போதும். பாலிசி கிடைக்காத வயதுக்காரரும் மறுப்புக் கடிதம் தேடி அலையாமல் நேராக வைப்பைக் காட்டலாம். ஓ-ஏவுக்கு இதே மாதிரி எழுதியிருந்தால் இவ்வளவு புலம்பலே வந்திருக்காது.

பத்து வருட ஓ-எக்ஸ் என்று ஒன்று இருப்பதாகவும் கேள்விப்படுவீர்கள். ஜப்பான், பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா உள்ளிட்ட 14 நாட்டுக் கடவுச்சீட்டுகளுக்கு மட்டும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை, மேலே போவோம்.

நிபந்தனை இல்லை என்றால் தேவையும் இல்லையா?

நான்-ஓ எடுத்தவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். கேட்கவில்லை, அதனால் எடுக்கவில்லை. பாங்காக்கின் பெரிய தனியார் மருத்துவமனைகளில் அவசரமாகச் சேர்த்தால் முன்பணமோ காப்பீட்டு உத்தரவாதமோ கேட்டுவிட்டுத்தான் பெரிய சிகிச்சைக்குள் நுழைவார்கள். அரசு மருத்துவமனைக்குப் போகலாம், தரமும் பல இடங்களில் நன்றாகவே இருக்கும், ஆனால் வெளிநாட்டவருக்கு 2019 முதல் தனிக் கட்டணப் படிநிலை இருக்கிறது, ஓய்வு பெற்றுத் தங்கியிருப்பவர்கள் அதில் மேல் படியில்தான் வருகிறார்கள்.

நான்-ஓவின் உண்மையான லாபம் என்னவென்றால், பாலிசியை அதிகாரிக்காக வாங்காமல் உங்கள் உடம்புக்காக வாங்கலாம். ஓ-ஏவில் இருப்பவர் படிவத்தில் உள்ள எண் வந்துவிட்டதா என்று பார்த்து, மலிவான பாலிசியைத் தேடி, டிடக்டிபிள் (முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை) பெரிதாக உள்ளதையும் விலக்குகள் நிறைந்ததையும் எடுத்துக்கொண்டு வருவார். முத்திரை விழுந்துவிடும், மருத்துவமனையில் அந்தக் காகிதம் எவ்வளவு உதவும் என்பது வேறு கதை. நான்-ஓக்காரர் வெளிநோயாளிப் பகுதியை முழுதாக விட்டுவிட்டு, சின்னச் செலவைக் கையிலிருந்து பார்த்துக்கொண்டு, உள்நோயாளிக்கு மட்டும் பெரிய தொகைக்கு எடுக்கலாம். வெளிநாட்டு நிறுவனத்தின் பாலிசியைக் கையெழுத்துக் கவலை இல்லாமல் தொடரலாம்.

எதில் எடுத்தாலும் சில இடங்களை வரி விடாமல் படியுங்கள். தாய்லாந்து பாலிசிகளில் பொதுவாக நோய்களுக்கு 30 நாள் காத்திருப்பு, கண்புரை, குடலிறக்கம், மூலம், கட்டிகள், கல் போன்றவற்றுக்கு 120 நாள். ஏற்கெனவே இருந்த நோயை மறைத்து எடுத்தால் கிளைம் வரும் நாளில் பழைய ரிப்போர்ட்டைத் தோண்டுவார்கள், அப்போது கட்டிய பிரீமியமும் போச்சு. புதிதாகச் சேர உள்ள வயது வரம்பும் புதுப்பிக்க உள்ள வயது வரம்பும் வேறு வேறு, இரண்டாவதுதான் முக்கியம். அப்புறம் மோட்டார் சைக்கிள்: செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பல பாலிசிகள் கைவிரித்துவிடும், தாய்லாந்தில் வயதானவர்கள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர அதுவும் ஒரு பெரிய காரணம்.

அறுபதுகளின் தொடக்கத்தில், பெரிய வியாதி இல்லாமல் போகிறவர் நான்-ஓ எடுத்து, எண்பது வயதுக்கு மேலும் புதுப்பிக்கிற பாலிசி ஒன்றை இப்போதே பிடித்து வைத்துக்கொள்வது நல்லது, ஐந்து வருடம் தள்ளினால் அதே பாலிசி கிடைக்காமலே போகலாம். எழுபதைத் தாண்டி, மாத்திரை டப்பாவோடு போகிறவருக்கும் நான்-ஓதான், ஆனால் விசாவுக்கான 8 லட்சத்தைத் தவிர மருத்துவத்துக்கென்று இன்னொரு தொகை தனியாக, தொடாமல் இருக்க வேண்டும். விசாப் பணத்தையே மருத்துவப் பணமாகவும் நினைத்துக்கொண்டால், அறுவை சிகிச்சைக்கு எடுத்த அன்றே அடுத்த நீட்டிப்பும் போய்விடும். வெளிநாட்டு அரசுப் பணியிலோ பெரிய நிறுவனத்திலோ இருந்து நல்ல ஓய்வூதியம் வருபவர் எல்.டி.ஆரைத் தாராளமாகப் பார்க்கலாம். ஓ-ஏ யாருக்கு? வருடத்தில் சில மாதம் மட்டும் போய் இருந்துவிட்டு வருகிறேன், தாய்லாந்தில் பணம் போட மனமில்லை, ஒரு விசா முடிந்தால் ஊருக்கு வந்து இன்னொன்று எடுத்துக்கொள்கிறேன் என்பவருக்கு. அவர் நீட்டிப்புக் கவுன்டர் பக்கம் போகவே வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொரு விசாவுக்கும் பாலிசி மட்டும் கையில் இருந்தாக வேண்டும்.