உப்புக்காற்றில் ட்ரிம்: கேபிளா, மோட்டாரா?

சொந்தமாகக் கட்டும் இரண்டு இருக்கை விமானத்துக்கு எலிவேட்டர் ட்ரிம்மைக் கேபிளில் வைப்பதா, மோட்டாரில் வைப்பதா? எடை, செலவு, வசதி என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். விமானத்தைப் புதுச்சேரியிலோ கடலூர்ப் பக்கமோ நிறுத்தப்போகிறவர் அந்தக் கணக்குகளைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். இங்கே முதலில் கேட்க வேண்டியது வேறு: உள்ளே ஒன்று கெட ஆரம்பித்தால் அதை எது முன்கூட்டியே சொல்லும்? பல மழைக்காலம் இரண்டையும் வைத்துப் பார்த்ததில் எங்களுக்குத் தெரிந்தது இதுதான். கேபிள் தானாகச் சொல்லிவிடும். மோட்டாரிடம் மாதாமாதம் நாம் போய்க் கேட்க வேண்டும்.

புதிதாகக் கட்டுபவர்களுக்காக ஒரு வார்த்தை. மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகைதான் எலிவேட்டர். அதன் பின்விளிம்பில் கீல் போட்டு நிற்கும் சின்னத் தகடுதான் ட்ரிம். ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டே இருக்கும் கைப்பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். மூக்கு கீழே போக வேண்டுமானால் தகடு மேலே போக வேண்டும். ஒயரிங்கில் கை வைத்த ஒவ்வொரு முறையும் ஒருவர் வாலருகே நின்று, கண்ணால் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டியது இது.

கேபிளை முதலில் பார்ப்போம். பைக் கிளட்ச் கேபிள் மாதிரிதானே என்று மெக்கானிக் கடையில் வாங்கிப் போட நினைப்பவர்கள் உண்டு. கூடாது. கிளட்ச் கேபிள் இழுப்பதற்கு மட்டும்தான். ட்ரிம் கேபிள் இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். தள்ளும்போது உள்கம்பி வில்லாக வளையாமல் இருக்க, உறைக்கு வெளியே நீட்டி நிற்கும் நீளத்தை முடிந்தவரை குறைக்க வேண்டும். வெளி உறையை இரண்டு முனையிலும் கிளாம்பில் இறுக்கிப் பிடியுங்கள். நடுவில் 40 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப் போதும். முனைக் கிளாம்ப் நழுவினால் நீங்கள் லீவரை நகர்த்துவீர்கள், உறைதான் ஊர்ந்து போகும், தகடு இருந்த இடத்திலேயே நிற்கும்.

வளைவு விஷயத்தில் பலர் ஏமாறுவது ஒவ்வொரு வளைவையும் தனித்தனியாகப் பார்ப்பதால். கணக்கில் வருவது மொத்தக் கோணம். உராய்வுக் கெழு 0.15 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 90 டிகிரி வளைந்த கேபிளில் 1.27 மடங்கு விசை கொடுக்க வேண்டும். மூன்று வளைவு சேர்ந்து 270 டிகிரி ஆகிவிட்டால் அது இரண்டு மடங்கு. இருக்கைக்கு அடியில் அழகாக ஒளித்துக் கொண்டுபோகிறேன் என்று கூடுதலாக ஒரு வளைவு போடுவதை விட, நேராக வந்து கண்ணுக்குத் தெரியும் கேபிள் எவ்வளவோ மேல்.

அடுத்தது தூசி. லாஸ்பேட்டை, கோரிமேடு பக்கம் செம்மண். வெயில் காலத்தில் அந்தப் பொடி எல்லா இடுக்கிலும் புகும். நைலான் அல்லது டெஃப்லான் உள்ளுறை போட்ட கேபிளுக்குக் கிரீஸ் தேவையே இல்லை. நல்லது என்று நினைத்துக் கிரீஸ் தடவினால், செம்மண்ணும் கிரீஸும் குழைந்து வால்வு தேய்க்கும் பேஸ்ட் மாதிரி உள்ளுறையை அரித்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்முனையைக் கழற்றி, உள்கம்பி வெளியே தெரியும் பகுதியை வெள்ளை வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். செம்மண் என்றால் துணியில் மாவு மாதிரிப் படியும், தண்ணீரில் அலசினால் போகும். துரு என்றால் பழுப்பாகக் கோடு விழும், விரலில் நறநறக்கும், அலசினாலும் கறை நிற்கும். கறை நின்றால் கேபிளை மாற்றுவதுதான் வழி. எண்ணெய் விட்டு இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இந்த இடத்தில்தான் கேபிள் தன் மதிப்பைக் காட்டுகிறது. கீல் இறுகினாலும், உள்ளே துரு ஏறினாலும், உறை கசங்கினாலும் எல்லாம் விரல் நுனியில் வந்து சேரும். போன மாதம் இரண்டு விரலால் நகர்ந்த லீவருக்கு இந்த மாதம் உள்ளங்கை தேவைப்படும். அதையும் ஞாபகத்தை நம்பாமல் எண்ணாக எழுதி வைக்கலாம். மீன் விற்பவர்கள் வைத்திருக்கும் கொக்கி ஸ்பிரிங் தராசை லீவரில் மாட்டி, நகர ஆரம்பிக்கும் இடத்தில் எத்தனை கிராம் காட்டுகிறது என்று இரண்டு திசையிலும் பாருங்கள். புதிதாகப் பொருத்திய அன்று எடுத்த அளவுதான் பிறகு வரும் எல்லா அளவுக்கும் ஆதாரம்.

இழுப்பதற்கு மட்டும் இரண்டு எஃகு ஒயர் போட்டு, இருக்கைப் பக்கம் சக்கரம் வைக்கும் முறையும் உண்டு. அதற்கு நம் ஊர் வெப்பம் தனியாக ஒரு வேலை வைக்கும். அலுமினிய உடல் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும். 4 மீட்டர் நீளத்தில் 20 டிகிரி வித்தியாசம் வந்தால், உடலுக்கும் ஒயருக்கும் சுமார் 0.9 மி.மீ. நீள வித்தியாசம் வரும். மார்கழி விடியலில் சரியாக இழுத்துக் கட்டிய ஒயர், கத்திரி வெயில் மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே விறைத்து நிற்கும். மதியத்தில் கட்டினால் விடியலில் தொங்கும். ஒயரை இறுக்கித் தளர்த்தும் திருகான டர்ன்பக்கிளைத் திருகும் அன்று வெப்பநிலையையும் லாக்புக்கில் எழுதுங்கள்.

இனி மோட்டார். உள்ளே சின்ன மோட்டார் ஒரு திருகுத் தண்டைச் சுழற்றும், தண்டு முன்னும் பின்னும் போகும். இந்தப் பெட்டிக்குச் சர்வோ என்று பெயர். ரே ஆலன் சர்வோக்களில் டி2-7ஏ 0.7 அங்குலமும், டி2-10ஏ 1 அங்குலமும், டி3-12ஏ 1.2 அங்குலமும் ஓடும். எது வேண்டும் என்பது தகட்டின் ஹார்ன் (தள்ளுகம்பி மாட்டும் கை) நீளத்தையும், பிளானில் கொடுத்திருக்கும் கோணத்தையும் பொறுத்தது. கூடுதல் ஓட்டம் இருந்தால் நல்லதுதானே என்று பெரியதை எடுக்காதீர்கள். மோட்டார் தானாக ஓடிக் கடைசி எல்லைக்குப் போய்விட்டால் உங்கள் கை எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்த ஓட்டம்தான். திருகுத் தண்டு என்பதால் மின்சாரம் போனால் தகடு இருந்த இடத்தில் நிற்கும், காற்று அதைத் திருப்ப முடியாது. மோட்டார் முறையில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இது.

ஐந்து மெல்லிய ஒயர் வரும். வெள்ளை இரண்டும் மோட்டாருக்கு, மற்ற மூன்றும் நிலை காட்டும் சென்சாருக்கு. வெள்ளை இரண்டையும் மாற்றிப் போட்டால் திசை தலைகீழாகும், வேறு எந்த அறிகுறியும் இருக்காது. விமானி ஒருவர் மட்டும் இயக்குவதானால் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வேண்டாம். கையை எடுத்தால் நடுவுக்கு வந்துவிடும் ஆறு முனை சுவிட்ச் போதும். நடு முனை இரண்டில் மோட்டார், ஒரு ஓரத்து இரண்டில் பிளஸ் மைனஸ், மறு ஓரத்துக்கு அதையே குறுக்காக மாற்றி இழுக்க வேண்டும். இரண்டு ஸ்டிக்கிலும் சுவிட்ச் வேண்டும் என்றால் ரிலே தவிர்க்க முடியாது. ரிலே முனை ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காமல் ஓடும் ஆபத்தும் கூடவே வரும். அதனால் ட்ரிம்முக்கென்று தனி 1 ஆம்பியர் பிரேக்கர் போடுங்கள். கையால் இழுத்துத் துண்டிக்கக்கூடிய வகையாக, பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையில் பார்க்காமலே எட்டும் இடத்தில் அது இருக்க வேண்டும்.

மோட்டாரைப் பற்றி வரும் பொதுவான புகார் வேகம். இறங்கும்போது மெதுவாகத் தோன்றும் அதே சர்வோ, குரூஸ் வேகத்தில் தொட்டாலே மூக்கை ஆட்டும். வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கலாம், அல்லது எல்எம்317 ரெகுலேட்டரால் வோல்டேஜைக் குறைக்கலாம். 240 ஓம், 910 ஓம் ரெசிஸ்டர்கள் போட்டால் ஏறக்குறைய 6 வோல்ட் கிடைக்கும். ரெகுலேட்டர் கட்டாயம் சுவிட்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். சுவிட்சுக்குப் பின்னால் வைத்தால் துருவம் மாறும்போது அது வேலை செய்யாது, கெட்டும் போகலாம். 14 வோல்ட்டில் மோட்டார் 0.2 ஆம்பியர் இழுத்தால் ரெகுலேட்டரில் 1.6 வாட் சூடாகும், சின்ன அலுமினிய ஹீட் சிங்க் அவசியம்.

ஒயர் அறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான்: ஸ்டிக்கின் அடியில் மடங்கி நிமிரும் இடம், எலிவேட்டர் கீலைத் தாண்டும் இடம். இரண்டிலும் தளர்வாக ஒரு வளையம் விட்டு, மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஒயர் போடுங்கள். சாலிடர் வைத்த இடம் விறைப்பாகிவிடும், அதன் ஓரத்தில்தான் ஒடியும். அசையும் பகுதிக்குள் சாலிடர் வேண்டவே வேண்டாம்.

மோட்டாரின் மௌனத்துக்கு மருந்து மல்டிமீட்டர். மாதம் ஒருமுறை எஞ்சின் ஓடாத நேரத்தில், பேட்டரி நிறைவாக இருக்கும்போது, பிரேக்கரிலிருந்து வரும் ஒயரைக் கழற்றி அந்த இடத்தில் மீட்டரைத் தொடராக மாட்டி, தகட்டை இரண்டு எல்லைக்கும் ஓட்டுங்கள். தரையில் காற்றுப் பாரம் கிடையாது, அதனால் மீட்டர் காட்டுவது உரசலை மட்டும். எல்லைக்கு எல்லை எத்தனை விநாடி ஆகிறது என்பதையும் எழுதுங்கள். முதல் நாள் அளவைவிடக் கால் பங்கு கூடினால் சர்வோவைத் தொடுவதற்கு முன் தள்ளுகம்பியைக் கழற்றிவிட்டுத் தகட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி கீல்தான்: எஃகு ஊசி, அலுமினியக் கண், நடுவில் உப்பு. நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு மெல்லிய துரு தடுப்பு எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். வீட்டு எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டர் இவ்வளவு சின்ன மின்னோட்டத்துக்குச் சரிப்படாது.

எந்த முறையானாலும் கடைசி ஒரு சாண் இரண்டுக்கும் பொது: தள்ளுகம்பி, அதன் கவட்டை முனையான கிளெவிஸ், பின், ஹார்ன். உயிர் தொங்குவது அங்கேதான். தகட்டின் பின்விளிம்பை இரண்டு விரலால் மேலும் கீழும் அசைத்தால் டக் டக் என்று பிளே (தளர்வு) தெரியக்கூடாது. பிளே கூடினால் தகடு வேகத்தில் படபடக்க ஆரம்பிக்கும், அது எலிவேட்டரையே பிய்த்துவிடும். ஹார்ன் துளை முட்டை வடிவமாகிவிட்டால் புதுப் பின் போட்டுப் பயனில்லை. ஹார்னை மாற்றுங்கள், அல்லது லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கிப் புஷ் (உள்வளையம்) அடியுங்கள். லாக்நட்டில் பெயின்ட் கோடு போட்டுவைத்தால் நகர்ந்தது உடனே தெரியும். சர்வோவை எலிவேட்டருக்குள்ளேயே வைக்கும் வடிவமானால், பொருத்திய பிறகு எலிவேட்டரின் எடைச் சமநிலையை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். விமானத்தின் சமநிலையில் பெரிய மாற்றம் வராது. 450 கிலோ விமானத்தில் ஈர்ப்பு மையத்திலிருந்து 3.5 மீட்டர் பின்னால் 200 கிராம் வைத்தால் மையம் 1.6 மி.மீ. நகரும், அவ்வளவுதான்.

அப்படியானால் எது? அருகருகே இருக்கை, நேரான கேபிள் பாதை, ஆட்டோபைலட் இல்லை என்றால் யோசிக்காமல் கேபிள். நடுவில் வைத்த ஒரே லீவர் இரண்டு பேருக்கும் எட்டும். கோ-அரவுண்டில், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறும்போது, பவர் கொடுத்ததும் மூக்கு தூக்கும்போது, லீவரை ஒரே தள்ளில் முன்னே கொண்டுபோகலாம், மோட்டார் ஊர்ந்து வரக் காத்திருக்க வேண்டாம். முன்பின் இருக்கையானாலும், தானாக ட்ரிம் செய்யும் ஆட்டோபைலட் வைப்பதானாலும் மோட்டார்தான் சரி. அதைக் கேபிளால் செய்யப்போனால் இணைப்புகள் பெருகி, பிளேயும் பெருகும்.

மழைக்காலத்துக்கு ஒரு எச்சரிக்கை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. வால்சக்கர விமானம் நிற்கும்போது வால்தான் தாழ்ந்த இடம். உடலுக்குள் ஒழுகும் தண்ணீரெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். ஐப்பசி பிறப்பதற்குள் வால் அடியில் உள்ள வடிகால் துளைகளில் மெல்லிய கம்பி விட்டு அடைப்பு எடுங்கள். கேபிளின் பின்முனையில் ரப்பர் கூம்பு கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வோவுக்குப் போகும் ஒயர் கனெக்டருக்கு முன்னால் ஒருமுறை தாழ்ந்து ஏற வேண்டும், அப்போதுதான் தண்ணீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும். புயலுக்கு முன் வாலை ஸ்டாண்டில் ஏற்றிக் கட்டுங்கள். வெள்ளத்தில் முங்கிய சர்வோவை வெயிலில் காயவைத்து மீண்டும் மாட்ட வேண்டாம். ஓடிக் காட்டினாலும் அதைக் கழற்றிவிட்டுப் புதியது போடுங்கள், பழையதை ஒயரை வெட்டிவிட்டுத் தூக்கி எறியுங்கள்.