ஸ்டாக்போர்ட்: குடிபோகலாம், கண்ணை மூடிக்கொண்டு காசு போட வேண்டாம்

மான்செஸ்டர் பக்கம் ஃபிளாட் விற்கிற எந்த விளம்பரத்தை எடுத்தாலும் இப்போதெல்லாம் ஸ்டாக்போர்ட் பெயர் வந்துவிடுகிறது. செங்கல் பாலத்தின் படம், கீழே ஆறு, மேலே நீல வானம் (அந்த வானத்துக்காகப் புகைப்படக்காரர் எத்தனை நாள் காத்துக் கிடந்தாரோ), ஓரத்தில் "மான்செஸ்டருக்கு ரயிலில் பத்தே நிமிடம்" என்று ஒரு வரி. வாட்ஸாப் குழுவில் யாராவது இதை ஃபார்வர்டு செய்து "நல்ல இடமா? போடலாமா?" என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். ஊரையெல்லாம் ரிவ்யூ செய்வார்களா என்று கேட்டால், ஊரையே சரக்காக விற்கும்போது தாராளமாகச் செய்யலாம்.

முதலில் பேருந்து நிலையம். சிரிக்காதீர்கள், இந்த ஊரில் நடக்கிற மாற்றத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. 2024 மார்ச்சில் திறந்தார்கள். கீழே பஸ்கள் வந்து போகின்றன, அவற்றின் கூரைமேல் இரண்டு ஏக்கர் பூங்கா, பக்கத்தில் கிட்டத்தட்ட 200 வீடுகள் கொண்ட அடுக்குமாடி, பூங்காவிலிருந்து ரயில் நிலையத்துப் பக்கம் போக ஒரு நடைபாலம், மெர்சி ஆற்றங்கரைக்கு வளைந்து வளைந்து இறங்குகிற சரிவுப் பாதை. அந்தப் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே சுவர் மாதிரி நிற்கிறது அந்த ரயில் பாலம். 1840-ல் கட்டி முடித்தது, 27 வளைவுகள், சுமார் 1 கோடியே 10 லட்சம் செங்கல், ஆற்றிலிருந்து கிட்டத்தட்ட 34 மீட்டர் உயரம். கீழே தெருவிலிருந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். பூங்கா பாதி உயரத்தில் இருப்பதால் கறுத்துப்போன செங்கல் வரிசைகளும், வளைவு தொடங்குகிற இடத்துக் கல்லும் கண் மட்டத்துக்கு அருகில் தெரிகின்றன. லண்டன் ரயில் மேலே கடகடவென்று போகும்போது கீழே பஸ் டிரைவர் டீ குடித்துக்கொண்டிருப்பார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் நிலையத்தைத் திட்டாமல் இருப்பதே இங்கிலாந்தில் அபூர்வம், இங்கே மேலே ஏறிப் போய் வெயில் காய்கிறார்கள். வெயில் இருந்தால்.

இதில் கவனிக்க வேண்டியது யார் முதலில் பணம் போட்டார்கள் என்பதுதான். பில்டர் வந்து ஃபிளாட்டைக் கட்டிவிட்டு, பூங்கா, பஸ் எல்லாம் "விரைவில்" என்று போர்டு வைப்பதுதான் பொதுவாக நடக்கிற கதை. இங்கே நகராட்சி முந்திக்கொண்டது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தேய்ந்து கிடந்த பொழுதுபோக்கு வளாகத்தை 2011-ல் அவர்களே வாங்கினார்கள், இன்று அங்கே ஆபீஸ் கட்டடங்களும் ஹோட்டலும் நிற்கின்றன. ஊர் நடுவில் இருக்கிற மெர்சிவே ஷாப்பிங் சென்டரை 2016-ல் வாங்கினார்கள். 2019-ல் கிரேட்டர் மான்செஸ்டர் மேயர் ஆண்டி பர்ன்ஹாம் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி, இந்த ஊரின் மையத்துக்கென்றே ஒரு வளர்ச்சிக் கழகத்தை அமைத்தார். நிலம் சேர்ப்பது, பில்டரோடு பேசுவது, லண்டனில் நிதி கேட்பது எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தது. பஸ் நிலையம் அதன் பலன்.

சரி, இத்தனை அவசரம் ஏன்? அது எந்த விளம்பரத்திலும் இருக்காது. கிரேட்டர் மான்செஸ்டரின் பத்து நகராட்சிகளும் சேர்ந்து எங்கெங்கே வீடு கட்டலாம் என்று ஒரு கூட்டுத் திட்டம் போட்டன. ஊரைச் சுற்றியுள்ள பசுமை வளையத்தில் கை வைக்க ஸ்டாக்போர்ட்டில் கடும் எதிர்ப்பு. 2020 டிசம்பரில் நகராட்சி மன்றம் அதை ஏற்க மறுத்து வாக்களித்தது, மீதி ஒன்பதும் இவர்களை விட்டுவிட்டுத் தொடர்ந்தன. வயல்வெளியில் கட்ட வேண்டாம் என்றால் வீடு வேறு எங்கே வரும்? பழைய மில், காலேஜ் கட்டடம், கார் பார்க்கிங் என்று ஊர் நடுவில்தான். மேற்குப் பகுதியில் 4,000 வீடு வரை என்று ஆரம்பித்த பேச்சு, ஊர் மையம் முழுக்க 8,000 என்று வளர்ந்திருக்கிறது.

இந்த 8,000 என்கிற எண்ணை ஏஜென்டுகள் வளர்ச்சிக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஊருக்கு அது வளர்ச்சிதான். கடைக்கு ஆள் வருவார்கள், ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருவில் நடமாட்டம் இருக்கும். ஆனால் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட் ஒன்றை வாங்கி வாடகைக்கு விடப் போகிறவருக்கு அந்த 8,000-மும் போட்டி. அதிலும் பெரிய கம்பெனிகள் கட்டி, தாங்களே வைத்திருந்து வாடகைக்கு விடுகிற கட்டடங்கள் நிறைய. விளம்பரப் படங்களில் பளபளவென்று தெரியும் வெயர் மில் அப்படித்தான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய பஞ்சாலை, ரயில் பாலம் அதன் தலைக்கு மேலேயே போகிறது, பாதுகாக்கப்பட்ட கட்டடம், 250-க்கும் மேற்பட்ட வீடுகளாக மாற்றியிருக்கிறார்கள். அழகு. ஆனால் வாடகைக்குக் குடிபோகத்தான் முடியும். அந்தப் படத்தைக் காட்டி நமக்கு விற்கிற ஃபிளாட் பெரும்பாலும் வேறு தெருவில், வேறு ஜன்னலோடு இருக்கும்.

பழைய ஊரைப் பற்றிச் சொல்லாவிட்டால் அநியாயம். 1260-லிருந்து சந்தை நடத்த உரிமை பெற்ற ஊர் இது. இரும்பும் கண்ணாடியுமாக 1861-ல் எழுப்பிய சந்தைக் கூடம் மேட்டின் உச்சியில் இருக்கிறது. அங்கிருந்து படியிறங்கினால் அண்டர்பேங்க் தெருக்கள். ஒரு தெருவுக்கு மேலே இன்னொரு தெரு பாலமாகப் போகிறது, மேலே நடக்கிறவரின் செருப்புச் சத்தம் கீழே கேட்கும். மரச்சட்டங்களோடு சாய்ந்து நிற்கிற பழைய மாளிகை ஒன்று பல காலம் பேங்காக இருந்தது. காபிக் கடை, இசைத்தட்டுக் கடை, கைவினைப் பொருள் கடை என்று சங்கிலிக் கடைகள் இல்லாத தெரு, இங்கிலாந்தில் இந்த அளவு ஊரில் இது லேசான விஷயமில்லை. வாரத் தொடக்கத்தில் போனால் பல கடைகள் அடைத்திருக்கும், சனிக்கிழமை போங்கள். செம்மணல் பாறையைக் குடைந்து 1939-ல் திறந்த விமானத் தாக்குதல் பதுங்கு குகைகளையும் பார்த்துவிடுங்கள். தொப்பி அருங்காட்சியகமும் உண்டு, ஒரு காலத்தில் ஆண்டுக்கு 60 லட்சம் தொப்பிக்கு மேல் ஏற்றுமதி செய்த ஊர். கடைசித் தொப்பி ஆலை 1997-ல் மூடியது. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்த ஊர் முழுக்க மேடு, பள்ளம், படி. பிளானில் ஐந்து நிமிட நடை என்று போட்டிருப்பது நேராகப் பறக்கிற காகத்துக்கு.

இப்போது குறைகள். மெர்சிவேயில் நுழைந்தால் பூங்காவில் கிடைத்த உற்சாகம் பாதி இறங்கிவிடும். 1965-ல் திறந்த கான்கிரீட் வளாகம், ஆற்றின் மேலேயே மூடி போட்டுக் கட்டியது. டேம், கோய்ட் என்கிற இரண்டு ஆறுகள் கலந்து மெர்சி ஆறு பிறக்கிற ஊர், லிவர்பூலில் அத்தனை பெயர் வாங்குகிற அதே ஆறு, பிறந்த கையோடு கடைகளுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. காலிக் கடைகள் கண்ணில் படுகின்றன. இதை நகராட்சி சரிசெய்யுமா என்பதுதான் ஊரின் அடுத்த பரீட்சை, ஏனென்றால் இடம் அவர்களுடையது, சாக்குச் சொல்ல முடியாது.

ரெட்ராக் என்று ஒரு சினிமா வளாகம். அந்த ஆண்டில் நாட்டில் கட்டப்பட்டவற்றிலேயே மோசமான கட்டடத்துக்கு ஒரு கட்டடக்கலைப் பத்திரிகை தந்துவந்த கார்பங்கிள் கோப்பையை 2018-ல் இதற்குத்தான் கொடுத்தார்கள். நேரில் பார்த்தபோது தீர்ப்பில் தப்பில்லை என்றே பட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம் வருகிறது என்பதும் உண்மை.

முதலீடு செய்ய நினைப்பவர் எல்லாரையும் நான் முதலில் நிறுத்திக் காட்ட விரும்புவது எம்60 நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற நீலக் கண்ணாடிப் பிரமிடைத்தான். எண்பதுகளின் இறுதியில் "ராஜாக்களின் பள்ளத்தாக்கு" என்று பெயர் வைத்து, வரிசையாகப் பல பிரமிடுகள், உள்ளே ஆபீஸ்கள் என்று பிளான் போட்டார்கள். 1992-ல் ஒன்று மட்டும் எழுந்தது. பில்டர் திவால், கட்டடம் பேங்க் கையில். அப்புறம் ஒரு பேங்கின் கால் சென்டராக நெடுநாள் ஓடியது, 2018-ல் அவர்களும் காலி செய்தார்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்து, 2025-ல் ராயல் நவாப் என்கிற இந்திய, பாகிஸ்தானி உணவகம் உள்ளே வந்தது. கண்ணாடிப் பிரமிடுக்குள் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடும் ஊர் உலகத்தில் வேறு எங்கே இருக்கப் போகிறது. ஆனால் அன்றைக்கு வந்த பளபள விளம்பரத்தை நம்பி இரண்டாவது பிரமிடுக்கு ஆசைப்பட்டவர்களை நினைத்துப் பாருங்கள். அந்த இரண்டாவது பிரமிடு வரவேயில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஓர் ஏஜென்டிடம் போனில் பேசினேன், பெயர் வேண்டாம். "ஆறு சதவீதம் கேரன்டி சார்" என்றார். எத்தனை வருடத்துக்குக் கேரன்டி, யார் தருகிற கேரன்டி என்று கேட்டதும் மேனேஜர் திரும்பக் கூப்பிடுவார் என்று வைத்துவிட்டார். மேனேஜர் இன்னும் கூப்பிடவில்லை. அவர் சொன்ன ஆறு சதவீதத்தையே உண்மை என்று வைத்துக்கொள்வோம். 2,50,000 பவுண்டு ஃபிளாட்டுக்கு வருட வாடகை 15,000 பவுண்டு. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருந்தால், அது சென்னையில் இருந்தாலும் கணக்கில் சேரும், ஸ்டாம்ப் டூட்டி கூடுதல் விகிதத்தில் வரும்: முதல் 1,25,000-க்கு 5 சதவீதம், அடுத்த 1,25,000-க்கு 7 சதவீதம். மொத்தம் 15,000 பவுண்டு. அதாவது முதல் வருட வாடகை அப்படியே அரசாங்கத்துக்கு. வாங்குவதற்கு முந்தைய 12 மாதத்தில் 183 நாளுக்குக் குறைவாக பிரிட்டனில் இருந்தவர் என்றால் மேலும் 2 சதவீதம், ஆகமொத்தம் 20,000. சர்வீஸ் சார்ஜ், ஏஜென்ட் கமிஷன், காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் இதற்கு மேல்.

ஃபிளாட் என்றால் லீஸ்ஹோல்ட் (நிலம் வேறொருவருடையது, நமக்கு நீண்ட காலக் குத்தகை மட்டும்) என்பதையும் மறக்க வேண்டாம். 2022 ஜூன் 30 முதல் எழுதப்படும் புது லீஸ்களில் தரை வாடகை கிடையாது, அது நல்ல செய்தி. சர்வீஸ் சார்ஜுக்கு அப்படி உச்சவரம்பு எதுவும் இல்லை. லிஃப்ட், ஜிம், மாடித் தோட்டம் என்று பட்டியல் நீள நீள அதுவும் ஏறும், கடந்த மூன்று வருடக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள், புதுக் கட்டடம் என்றால் அதே கம்பெனியின் வேறு கட்டடத்துக் கணக்கைக் கேளுங்கள். வாடகைதாரர் உரிமைச் சட்டமும் 2025-ல் வந்துவிட்டது. அதன்படி 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்கிற வழி கிடையாது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய நியாயம், தூரத்தில் உட்கார்ந்துகொண்டு வீட்டு ஓனராக இருக்க நினைப்பவருக்குக் கூடுதல் தலைவலி.

ஆக யாருக்கு இந்த ஊர்? மான்செஸ்டரில் வேலை, வாடகைக்கோ சொந்தமாகவோ தாங்களே குடியிருக்க வீடு வேண்டும், லண்டனுக்கு ரயில் வேண்டும் (யூஸ்டனிலிருந்து இரண்டு மணி நேரம் போல), விமான நிலையமும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பவர்கள் யோசிக்காமல் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்க்கலாம். நான் அப்படிப்பட்டவர்களைத் தயங்காமல் அனுப்புவேன். ஊர் மையத்து ஃபிளாட்டைவிட, எட்ஜ்லி பக்கம் செங்கல் வரிசை வீடுகளையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்வேன். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு நடந்தே வந்துவிடலாம், சர்வீஸ் சார்ஜ் தொல்லையும் இல்லை. பிளானைப் பார்த்து பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்ய நினைப்பவர்கள் பொறுங்கள்.

இன்னொன்று மீதி இருக்கிறது, டிராம். மான்செஸ்டரைச் சுற்றி எங்கெங்கோ மஞ்சள் டிராம் போகிறது, இத்தனை பெரிய ஸ்டாக்போர்ட்டுக்கு இல்லை. 2025 ஜூனில் நிதியமைச்சர் கிரேட்டர் மான்செஸ்டர் போக்குவரத்துக்கு அறிவித்த 250 கோடி பவுண்டில் ஸ்டாக்போர்ட் டிராமும் சேர்ந்திருக்கிறது. சில ஏஜென்டுகள் அது நாளைக்கே ஓடப் போகிற மாதிரி விலையில் சேர்த்துச் சொல்கிறார்கள். "டிராம் வரப் போகிறது" என்று யாராவது சொன்னால் எந்தத் தேதியில், எந்தத் தெருவில் நிறுத்தம் என்று கேளுங்கள். தண்டவாளம் போட ஆரம்பித்ததும் இந்த ரிவ்யூவைத் திருத்துகிறேன்.