மண் உலையும் கருவேலக் கரியும்: மூன்று வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

கோயம்புத்தூரில் என் வீட்டுப் பின்புறம் இரும்பைக் காய்ச்சி அடிக்க ஒரு சின்ன உலை இருக்கிறது. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் மூட்டுவேன். கொக்கி, உளி, களைக்கொத்து, எப்போதாவது ஒரு கத்தி, அவ்வளவுதான் என் உற்பத்தி. மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் கேஸ் உலை ஒன்றும் கட்டிப் பார்த்தேன். இன்றைக்கும் கை முதலில் போவது மண் உலைக்குத்தான்.

அமைப்பு எளிது. பழைய இரும்புக் கடையில் வாங்கிய தகரத் தொட்டி, இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், முக்கால் அடி ஆழம். களிமண், மணல், கொஞ்சம் புற்றுமண் மூன்றையும் பிசைந்து, பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு ஈரத்தில் தொட்டிக்குள் போட்டு இடித்தேன். நடுவில் ஒரு சாண் அகலத்தில் குழி. குழியின் அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில், பக்கவாட்டில் ஓர் அங்குலக் குழாய் நுழைகிறது. அதுதான் உலைமூக்கு. மறுமுனையில் ஹோட்டல் விறகடுப்புக்கு வைக்கிற சின்ன புளோயர். தொட்டியைச் செங்கல் அடுக்கி இடுப்பளவு உயரத்தில் வைத்திருக்கிறேன். சிமெண்ட் தரையில் நேரடியாக வைக்கக் கூடாது, சூட்டில் சில்லு தெறிக்கும்.

குழாய் வாங்கும்போது ஒரு விஷயம். ஜி.ஐ. குழாய் வீட்டில் சும்மா கிடந்தாலும் எடுக்காதீர்கள். மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலுமாகப் படுக்க வேண்டியதுதான். பூச்சில்லாத கனமான எம்.எஸ். (சாதா இரும்பு) குழாய் கேட்டு வாங்குங்கள்.

லாரி பிரேக் டிரம்மைக் கவிழ்க்காமல் வைத்து, அடியிலிருந்து காற்று விடுகிற உலையும் பிரபலம்தான். நிலக்கரி எரிக்கிறவர்களுக்கு அது சரி. கிட்டம், அதாவது உருகி இறுகிய சாம்பல் கட்டி, கட்டிக்கொண்டால் அடியில் தட்டி எடுக்கலாம். மரக்கரியில் கிட்டம் அதிகம் வராது. சாம்பல் லேசு, காற்றோடு போய்விடும். அதனால் பக்கவாட்டுக் குழாயே போதும், அடைப்பும் குறைவு.

புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லாரும் கேட்பது 'எவ்வளவு பெரிய புளோயர்?' என்று. கேட்க வேண்டியது எப்படிக் குறைப்பது என்பது. மரக்கரி கொஞ்சம் காற்றிலேயே பற்றி எரியும். காற்று கூடினால் கரி பறக்கும், பொறி தெறிக்கும், மூட்டை சீக்கிரம் காலியாகும். அதைவிட மோசம், எரிந்து தீராத காற்று இரும்பில் பட்டுச் செதில் செதிலாக உரிக்கும். கத்தி ஒன்றை நாலு முறை காய வைத்து எடுத்தால் அதில் கணிசமான பங்கு செதிலாகவே உதிர்ந்து போயிருக்கும். குழாயில் ஒரு டி (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு, ஒரு வாயில் வால்வு வைத்து, வேண்டாத காற்றை வெளியே விடுகிறேன். ஃபேன் ரெகுலேட்டர் போடுகிறவர்களும் உண்டு, ஆனால் எல்லா மோட்டாருக்கும் அது ஒத்துவராது. இரும்பைக் குழாய்க்கு நேராகச் சொருகாமல், அதற்கு மேலே, கீழும் மேலும் கரி மூடிய இடத்தில் படுக்க வைத்தால் செதில் பாதியாகக் குறைகிறது.

கரண்ட் போனால் உடனே குழாயைப் புளோயரிலிருந்து கழற்றிவிட வேண்டும். காற்று நின்ற உலையிலிருந்து எரியும் வாயு பின்வாங்கிக் குழாய்க்குள் தேங்கும். திரும்பக் கரண்ட் வந்து புளோயர் ஓடினால் 'டப்' என்று வெடிக்க வாய்ப்புண்டு.

கரி விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரி மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. கனமான கரி, நின்று எரியும். நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துப் போட வேண்டும். பெரிய துண்டாகப் போட்டால் இடைவெளி வழியே காற்று ஓடிவிடும், சூடு ஓரிடத்தில் நிற்காது. மணிக்கு இரண்டு மூன்று கிலோ செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறிய கரி பட்டாசாக வெடிக்கும், கண்ணாடி இல்லாமல் கிட்டே போகாதீர்கள். இஸ்திரி வண்டிக்காரர்கள் போடுகிற சிரட்டைக் கரியும் நல்ல சூடு தரும். ஆனால் காற்றை நிறுத்தியதும் சீக்கிரம் மங்கிவிடும். நான் இரண்டையும் கலந்து போடுகிறேன்.

இனி இந்தப் பொழுதுபோக்கின் ருசியான பகுதி, நிறம் பார்ப்பது. உச்சி வெயிலில் உலையடியில் நின்றால் சிவப்பு தெரியவே தெரியாது. கறுப்பாக இருக்கிறதே என்று இன்னும் காய வைத்தால் தேவைக்கு மேல் சூடேறிவிடும். அதனால் மேலே தகரக் கூரை போட்டு, மூன்று பக்கமும் திறந்து வைத்திருக்கிறேன். நிழலும் வேண்டும், கார்பன் மோனாக்சைடு தேங்காமல் காற்றோட்டமும் வேண்டும். மூடிய அறையில் உலை மூட்டவே கூடாது.

லாரிப் பட்டையில் (லாரியின் ஸ்பிரிங் பட்டை) செய்த கத்தியைத் தோய்க்க, அதாவது காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்க, போகும்போது கவனித்துப் பாருங்கள். சிவப்பு ஏறிக்கொண்டே வரும் இரும்பில், ஒரு கட்டத்தில் மங்கலான நிழல் ஒன்று ஊர்ந்து போகும். இரும்பின் உள்ளமைப்பு மாறும்போது அது வெப்பத்தை விழுங்குகிறது, அந்த இடம் மட்டும் பின்தங்கி மங்குகிறது. நிழல் முழுக்க ஓடி மறைந்து, நிறம் ஒரே சீராகி இன்னும் கொஞ்சம் ஏறினால் பதம். கயிற்றில் கட்டிய காந்தம் 770 டிகிரியில் பிடியை விட்டுவிடும். ஆனால் லாரிப் பட்டைக்கு அதற்கு மேலும் அறுபது, எழுபது டிகிரி வேண்டும். காந்தத்தை மட்டும் நம்பித் தோய்த்தால் கத்தி மெத்தென்றுதான் வரும்.

தோய்ப்பது எண்ணெயில். இந்த இரும்பைத் தண்ணீரில் போட்டால் விரிசல் விடலாம். பழைய இன்ஜின் ஆயிலின் புகை நெஞ்சைப் பிடிக்கும் என்பதால், ஐம்பது டிகிரிக்குச் சூடாக்கிய சமையல் எண்ணெய், மூடியுள்ள இரும்பு வாளியில். தோய்த்த கத்தி கண்ணாடி போல நொறுங்கும் என்பதால், இருநூறு டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். சமையலறை ஓவனை இதற்குக் கேட்டால் என்ன பதில் வரும் என்று சொல்லத் தேவையில்லை. பழையது ஒன்று தனியாக வாங்கிவிட்டேன்.

அடைகல்லுக்கு, அதாவது இரும்பை வைத்து அடிக்கிற கட்டைக்கு, எல்லாரும் தண்டவாளத் துண்டைத்தான் தேடுகிறார்கள். ரயில்வே சொத்தைத் திருட்டுப் பொருள் என்று சந்தேகப்படும்படி வைத்திருந்தாலே 1966-ம் வருடத்துச் சட்டத்தில் வழக்கு வரும். பில் இல்லாமல் தொடாதீர்கள். மோட்டார், பம்ப் ஒர்க்‌ஷாப் நிறைந்த ஊர் இது. கனமான ஷாஃப்ட் துண்டு எடைக்குக் கிடைத்தது, அதை மரக்கட்டையில் நிறுத்தி வைத்து அடிக்கிறேன். அக்கம்பக்கம் தூங்கி எழுந்த பிறகுதான், அது வேறு விஷயம்.

சரி, கேஸ் உலை. இரும்பு உருளைக்குள் 1260 டிகிரி தர செராமிக் கம்பளி இரண்டு சுற்று. கம்பளியின் தூசி நுரையீரலுக்கு ஆகாது, அதனால் மேலே தீமண் (சூடு தாங்கும் மண்) பூசாமல் ஒருநாளும் பற்றவைக்கக் கூடாது. சமையல் ரெகுலேட்டர் தரும் அழுத்தம் பர்னருக்குப் பத்தாது. வீட்டு சிலிண்டரை இதற்கு எடுப்பதும் விதிமீறல், 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். ஒரே மூச்சில் நிறைய கேஸ் இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து வேர்த்து, அழுத்தம் இறங்கிவிடும். இரும்போடு இரும்பைக் காய்ச்சி ஒட்டு வைக்க வெங்காரம் (போராக்ஸ்) தூவினால் அது கம்பளியையே தின்றுவிடும். நீளக் கம்பியைச் சீராகக் காய்ச்சி முறுக்குவதற்கு மட்டும் இதை எடுக்கிறேன். கரி உலையில் சூடு ஒரு சாணுக்கு மேல் பரவாது.

பராமரிப்பு பெரிதாக இல்லை. மழைக்காலம் முடிந்ததும் மண்ணில் விடும் வெடிப்புகளை ஈர மண் வைத்துப் பூசுவேன். உலைமூக்கின் நுனி கரைந்து குட்டையாகும், குழாயைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் போதும். புளோயரின் பேரிங்தான் இரைய ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பதிலாகக் கையால் சுற்றுகிற வகையை வாங்கப் பார்க்கிறேன். அடைகல்லில் அடித்துக்கொண்டிருக்கும் நேரம் முழுக்கச் சும்மா ஊதிக் கரியைத் தீர்க்காது, கரண்ட் கவலையும் இல்லை.