முழுச் சட்டகமா, பிரித்தெடுத்த அடுக்குகளா?

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் அனிமேஷன் பயிலும் மாணவரிடம் பெரும்பாலும் இருப்பது ஒரேயொரு மடிக்கணினி. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மின்சாரம் எப்போது நிற்கும் என்று சொல்லவும் முடியாது. பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் ரெண்டர் செய்யும் (காட்சியைக் கணக்கிட்டுப் படங்களாக எடுக்கும்) வழிகளை இவ்விரண்டையும் மனத்தில் வைத்தே ஒப்பிடுகிறேன்.

நேரடியாக எம்பி4 கோப்பாக எடுப்பது சுலபந்தான். ஆனால் அக்கோப்பைத் திறக்கத் தேவையான விவரங்கள் வழக்கமாக முடிவில்தான் எழுதப்படுவதால், இடையில் மின்சாரம் நின்றால் ஓடிய மணித்தியாலங்கள் அத்தனையும் வீணாகக்கூடும். பிஎன்ஜி பட வரிசையில் முடிந்த படங்கள் அப்படியே இருக்கும். ‘ஓவர்ரைட்’ (இருக்கும் கோப்பின்மேல் மறுபடி எழுதும்) தெரிவை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கினால், எஞ்சியவை மட்டும் ரெண்டராகும். பாதி எழுதப்பட்ட கடைசிப் படத்தை முதலில் அழித்துவிட வேண்டும். என் மாணவி ஒருவர் இதைக் கவனியாததால், திரையிட்ட அன்று படம் ஒரு கணம் கறுத்துப்போனது; அந்த முகவாட்டத்தை நான் மறக்கவில்லை.

நேரத்தை உண்மையில் மிச்சப்படுத்துவது அடுக்குகளைப் பிரிப்பதே. கமரா அசையாமல் நிற்க, தேயிலைச் சரிவில் ஒருவர் கொழுந்து பறிக்கும் 10 செக்கன் காட்சி என்று கொள்வோம். செக்கனுக்கு 24 வீதம் 240 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்). ஒவ்வொன்றும் 3 நிமிடம் எடுத்தால் 12 மணித்தியாலம். சரிவை ஒரேயொரு படமாக 10 நிமிடத்தில் எடுத்துவிட்டு, பறிப்பவரை மட்டும் ஒளிபுகும் பின்னணியில் சட்டகத்துக்கு 40 செக்கன் வீதம் எடுத்தால், எல்லாம் 3 மணித்தியாலத்துக்குள் முடியும். இரண்டையும் பிளெண்டரில் படங்களை ஒன்றுசேர்க்கும் பகுதியான கொம்போசிட்டரில், ஒன்றின்மேல் மற்றதை வைக்கும் ‘அல்ஃபா ஓவர்’ மூலம் இணைக்கலாம். நிலத்தில் விழும் நிழலுக்கு, நிழலை மட்டும் பிடிக்கும் ‘ஷாடோ கேச்சர்’ தேவை. முன்னால் மறைக்கும் செடிகளை ‘ஹோல்ட்அவுட்’ (படத்தில் அவ்விடத்தை வெட்டி ஒளிபுக விடுவது) ஆக்க வேண்டும். மற்றச் செடிகளை அடியோடு நீக்கினால் இலைகளின் பச்சைத் தெறிப்பு அவருடைய உடையில் விழாது. கமராவுக்கு மட்டும் மறைத்தால் அது திரும்பக் கிடைக்கும், நேரமும் சற்றுக் கூடும். கமரா நகரும் காட்சிகளுக்கு இந்த ஒற்றைப் பின்னணி பொருந்தாது. அங்கே முழுச் சட்டகமே மேல்.

பிளெண்டரின் இரு ரெண்டர் இயந்திரங்களில், ஒளியைத் துல்லியமாகக் கணக்கிடும் சைக்கிள்ஸுக்குப் பதிலாக ஈவியைப் பயன்படுத்தினால் வேகம் பன்மடங்கு கூடும். லயத்து அறைக்குள் கதவு வழியே ஒளி படர்வது போன்ற காட்சிகளுக்கு மட்டும் சைக்கிள்ஸை வைத்துக்கொள்ளலாம்.

காட்சிகளை பிளெண்டரின் தொகுப்புப் பகுதியான வீடியோ சீக்குவென்சரில் கோக்கும்போது நிற அமைப்பில் ‘வியூ டிரான்ஸ்ஃபார்ம்’ என்பதை ‘ஸ்டாண்டர்ட்’ ஆக்குங்கள். பிஎன்ஜி படங்களில் ஃபில்மிக் அல்லது ஏஜிஎக்ஸ் என்ற நிற மாற்றம் ஏற்கெனவே பதிந்திருப்பதால், இப்படிச் செய்யாவிட்டால் அது இரண்டாம் முறை ஏறி நிறங்கள் வெளிறிவிடும்.