தடையா, டெபாசிட்டா? பசிபிக் தீவுகளின் குப்பைச் சட்டங்கள்

சின்னத் தீவுக்கு வந்து சேரும் டின்னும் பாட்டிலும் தானாகத் திரும்பிப் போவதில்லை. இதற்குப் பசிபிக் நாடுகள் போட்ட சட்டங்களில் இரண்டு வகை முக்கியமானவை: ஒன்று தடை, இன்னொன்று டெபாசிட், அதாவது முன்பே ஒரு தொகையை வாங்கிவைத்து, காலிப் பொருளைத் திருப்பினால் பணம் தருவது.

வனுவாட்டு தேர்ந்தெடுத்தது தடை. 2018 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பை, ஸ்ட்ரா, தெர்மாகோல் சாப்பாட்டு டப்பா எதுவும் கூடாது. மீன், இறைச்சி சுற்றும் பைக்கு மட்டும் விலக்கு. அங்கே தாழை ஓலையில் கூடை முடைவது பழகிய கைவேலை என்பதால் பைக்கு மாற்று ஊரிலேயே இருந்தது. ஆனால் டின்னையும் கார் பேட்டரியையும் அப்படித் தடை செய்துவிட முடியுமா?

கிரிபட்டி நாட்டின் டெபாசிட் வழி அங்கேதான் கைகொடுக்கிறது. அதன் தலைநகரான தெற்குத் தராவா ஒடுங்கிய பவளத்திட்டு. மணலுக்குக் கீழே மெல்லிய நன்னீர்ப் படலம், அதுதான் கிணற்றுத் தண்ணீர். தூக்கி எறிந்த பேட்டரியின் ஈயம் அதில் இறங்கினால் மீட்பது மிகக் கடினம். அதனால் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறக்குமதியின்போதே ஒவ்வொரு பான டின்னுக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் 5 ஆஸ்திரேலிய சென்ட், பேட்டரிக்கு 5 டாலர் வசூலாகிறது. காலி டின்னைக் கொண்டுபோய்க் கொடுத்தால் 4 சென்ட் கையில் கிடைக்கும். சேர்ந்ததை நசுக்கிக் கட்டி, கப்பலேற்றி வெளிநாட்டுக்கு விற்கிறார்கள். பணம் தனி நிதியில் இருப்பதால் அரசின் வேறு செலவுகளோடு கலப்பதில்லை. இந்தச் சட்டத்தின் உயிரே அதுதான் என்பேன்.

பலாவு 2011 முதல் 10 அமெரிக்க சென்ட் வாங்கி, 5 சென்ட்தான் திருப்பித் தருகிறது. கேட்க அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் டின்னின் அலுமினியத்துக்கு நல்ல விலை உண்டு, பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அவ்வளவு கிடைக்காது. அதைக் கப்பலேற்றும் செலவை, கிரிபட்டியில் மிஞ்சுவதுபோல ஒரு சென்ட்டில் சமாளிப்பது கஷ்டம். நீண்ட நாள் தாங்குவது பலாவின் கணக்குதான்.

ஆக, ஊரிலேயே மாற்று இருக்கும் பொருளுக்குத் தடை, மற்றதற்கு டெபாசிட். சரி, குழந்தைகளின் டயப்பர்? வனுவாட்டு அதற்கும் தடை வரும் என்று 2019இல் அறிவித்தது, சொன்னபடி நடைமுறைக்கு வரவில்லை. டெபாசிட்டும் இங்கே உதவாது, அழுக்கு டயப்பரை யாரும் காசுக்குத் திருப்பிக் கொண்டுவரப் போவதில்லை. தெற்குத் தராவாவில் வீட்டுக் குப்பைக்குப் பச்சைப் பை விற்கிறார்கள். அதை அள்ளிப்போகும் கட்டணமும் பையின் விலையிலேயே அடக்கம். டயப்பருக்கு இப்போதைக்கு எனக்குத் தெரிந்த நடக்கக்கூடிய வழி இது ஒன்றுதான்.