வேர் உட்பூசணப் பொடி: நாற்றுக்கு வாங்கலாம், வளர்ந்த மரத்துக்கு வேண்டாம்

வேர் உட்பூசணப் பொடிப் பையைப் பிரித்ததும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பழுப்பு நிறத்தில் மணல் மாதிரி ஒரு பொடி. மினுமினுக்கும் வெர்மிகுலைட் என்ற கனிமத் துகள்கள், நடுநடுவே காய்ந்த வேர்த் துணுக்குகள், அவ்வளவுதான். ஆனால் அந்த வேர்த் துணுக்குகள் இருந்ததுதான் நல்ல அடையாளம் என்று பிறகு புரிந்தது. வேர் உட்பூசணம், வேம் (VAM), மைக்கோரைசா என்றெல்லாம் சொல்கிற இந்தப் பூஞ்சை உயிருள்ள வேரை ஒட்டித்தான் பெருகும். வேரழுகலுக்குப் போடுகிற டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையைப் போல வெல்லக் கரைசலில் ஊறவைத்துப் பெருக்க முடியாது. பெரும்பாலும் தொட்டியில் சோளமோ மக்காச்சோளமோ வளர்த்து, அதன் வேரில் பூஞ்சையைப் பரவவிட்டு, வேரையும் மண்ணையும் சேர்த்து உலர்த்திப் பொடியாக்குகிறார்கள்.

நான் சோதித்தது எலுமிச்சை நாற்றில். போன முறை வேரழுகலுக்குப் பயந்து நாற்றுக் கலவையை ஆவியில் வேகவைத்தேன். அழுகல் வரவில்லை, ஆனால் கன்றுகள் நான்கு இலையோடு அப்படியே நின்றுவிட்டன. உரம் போதவில்லை என்றுதான் நினைத்தேன். அமெரிக்காவில் மண்ணில் உள்ள கிருமிகளைக் கொல்ல மருந்துப் புகையிட்ட நாற்றங்கால்களிலும் எலுமிச்சை இனக் கன்றுகள் இப்படியே குட்டையாக நின்றிருக்கின்றன. மண்ணில் இந்தப் பூஞ்சை இல்லாமல் போனதோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று 1972-இல் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். எலுமிச்சை இனத்துக்கு வேர்த்தூவிகள் குறைவு, குட்டையும்கூட. மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) மண்ணில் நகரவே நகராது. வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை எடுத்துத் தீர்த்துவிட்டால் அப்புறம் செடி பட்டினிதான். பூஞ்சை இழை அந்தத் தீர்ந்த வட்டத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் போய், மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து கொடுக்கிறது. கைம்மாறாக இலை தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது.

இந்த முறை அதே வேகவைத்த கலவையில் நாற்பது பைகள். இருபதில் நடும் குழிக்குள் ஒரு தேக்கரண்டி பொடி போட்டு, நாற்றின் வேர் அதன்மேல் படும்படி வைத்தேன். மேலாகத் தூவினால் பயனில்லை, வேரைத் தொட வேண்டும். இரண்டு மாதம் வரை ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மூன்றாம் மாதத்திலிருந்து பொடி போட்ட வரிசை தனியாகத் தெரிந்தது. இலை அகலமாக, கரும்பச்சையாக வந்தது. மற்ற வரிசை போன வருடக் கன்றுகளைப் போலவே வெளிறி நின்றது.

இருந்தாலும் வேருக்குள் பார்க்காமல் மனம் ஒப்பவில்லை. நுனி வேர்களைக் கழுவி, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நிறம் போகும்வரை சூடாக்கினேன் (கையுறை கட்டாயம், தோலை அரித்துவிடும்). நன்றாக அலசிவிட்டு, கறுப்பு மை கலந்த வினிகரில் மூன்று நிமிடம். அப்புறம் நுண்ணோக்கி. வேரின் செல்களுக்கு நடுவே நீல நிற இழைகள் ஓடுகின்றன. அங்கங்கே எண்ணெய் நிறைந்த உருண்டைப் பைகள். ஒரு செல்லுக்குள் நுழைந்த இழை கிளை மேல் கிளையாகப் பிரிந்து, ஒரு குட்டி மரம்போல அந்த அறையை நிறைத்திருந்தது. கொடுக்கல் வாங்கல் நடக்கிற இடம் அதுதான். சில நாட்களே உயிரோடு இருக்கும், பிறகு கரைந்து வேறொரு செல்லில் புதிதாக முளைக்கும். வெகு நேரம் கண்ணை எடுக்கவே தோன்றவில்லை. பொடி போடாத கன்றின் வேரில் எதுவும் இல்லை, வெறும் செல்கள்தான்.

சரி, வளர்ந்த மரங்களுக்கு? எட்டுக் கொய்யா மரங்களில் நான்குக்கு வேர்ப்பகுதியைக் கிளறிப் பொடி வைத்தேன். ஒரு வருடம் ஆகிறது, எந்த மாற்றமும் இல்லை. பொடி வைக்காத மரத்தின் வேரை எடுத்து மையேற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அதில் ஏற்கெனவே பூஞ்சை நிறைந்து கிடந்தது. மண்ணோடு வந்த பூஞ்சை, யாரும் பையில் அடைத்துக் கொடுக்காதது. அதைக் காப்பாற்ற உழவைக் குறைத்து, மரங்களுக்கு நடுவே தட்டைப்பயறோ சணப்போ மண்ணை மூடி வளரும் உயிர்மூடாக்காக விட்டாலே போதும். கடுகு மட்டும் உதவாது, அந்தக் குடும்பச் செடிகளின் வேரில் இந்தப் பூஞ்சை குடியேறாது.

இதனால்தான் பையின்மேல் 'எல்லாப் பயிர்களுக்கும்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. முட்டைக்கோசு போட்டவர் இதை வாங்கினால் காசு வீண்தான். கிராமுக்கு இத்தனை பூஞ்சை வித்துகள் என்று பெரிய எண் போட்டிருக்கிறார்கள். அதில் எத்தனை உயிரோடு இருந்து வேருக்குள் நுழையும் என்பதுதான் கேள்வி, அதற்குப் பையில் பதில் இல்லை. தயாரித்த தேதி இல்லாத பையைத் தொடவே வேண்டாம். வெயிலில் அடுக்கி வைத்த பையும் அப்படித்தான்.

முக்கியமான ஒன்றையும் பையில் சொல்லவில்லை. நான் ஐந்து கன்றுகளுக்குப் பொடியோடு சூப்பர் பாஸ்பேட்டும் தாராளமாகப் போட்டேன். கன்றுகள் நன்றாகத்தான் வளர்ந்தன, ஆனால் வேரில் பூஞ்சை மிகக் குறைவு. மணிச்சத்து கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தால் செடி பூஞ்சைக்கு இடம் கொடுப்பதில்லை. கார்பெண்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலை வேரில் ஊற்றுகிறவர்களும் யோசியுங்கள், அது இந்தப் பூஞ்சையையும் கெடுக்கும்.

அடுத்த விதைப்புக்கு ஒரு சின்னப் பை வாங்குவேன். கொய்யாவுக்கு இனி வாங்க மாட்டேன்.